பார் சண்டையும் பந்தய மைதானமும்: ஒரு வக்கீலின் பதில்கள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அணிகளில் ஆடும் பிள்ளைகள் பாரில் (மதுக்கடையில்) நடந்த சண்டைகளில் மாட்டிக்கொண்டபோது, அவர்கள் வீட்டிலிருந்து வந்த கேள்விகள் இவை. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். பொதுவானதை மட்டும் சொல்கிறேன்.

என் மகன் யாரையும் அடிக்கவில்லை. அடித்த நண்பனின் பக்கத்தில் நின்றான். அவன் மேலும் வழக்கு வருமா?

சும்மா நிற்பது குற்றமில்லை. அடிவாங்கியவரைப் பிடித்துக்கொண்டாலோ, ஓடவிடாமல் மறித்தாலோ உடந்தை ஆகிவிடும். நின்றானா, மறித்தானா என்பதை பாரின் கேமரா காட்டிவிடும். ஆனால் பழைய பதிவின் மேலேயே புதியது பதிந்துகொண்டிருக்கும். அதை அழிக்காமல் வைக்கச் சொல்லி வக்கீல் மூலம் இன்றைக்கே கடிதம் அனுப்புங்கள்.

முதலில் கை வைத்தது எதிர்த்தரப்புதான். தற்காப்பு என்று சொல்லலாமே?

சொல்லலாம், முதல் குத்துக்கு. எதிராளி கீழே விழுந்த பிறகு உதைத்தால் அது தற்காப்பில் சேராது. கையில் பாட்டில் இருந்திருந்தால் வழக்கின் கனமே வேறு: ஒரு வருடத்துக்குள் முடியும் சிறைத் தண்டனைக்குரிய சிறு குற்றமாக இருந்தது, அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய பெருங்குற்றமாக மாறலாம்.

நடந்ததையெல்லாம் கோச்சிடம் சொல்லிவிட்டான். தப்பா?

தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆபத்து என்று சொல்லலாம். வக்கீலிடம் பேசுவதற்கு உள்ள ரகசியப் பாதுகாப்பு கோச்சிடம் பேசுவதற்கு இல்லை. கோச்சைச் சாட்சியாக அழைக்கலாம். 'மௌனமாக இருக்க உனக்கு உரிமை உண்டு' என்று போலீஸ் முதலில் சொல்ல வேண்டும் என்ற, 1966இல் வந்த மிராண்டா தீர்ப்பும் இங்கே உதவாது. போலீஸ் காவலில் வைத்து விசாரிக்கும்போது மட்டும்தான் அது பொருந்தும். அணியின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியதும் ஆதாரம்தான். அப்புறம், பயத்தில் அதை அழித்துவிடப் போகிறான்! அது தனிக் குற்றமாகிவிடும்.

அடிபட்டவரின் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்து ராஜியாகிவிட்டால்?

நம் ஊர்ப் பழக்கத்தில் கேட்கிறீர்கள், புரிகிறது. அங்கே வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞர். புகார் கொடுத்தவர் வாபஸ் வாங்கினாலும் அவர் தொடரலாம். நீங்களே பணத்தோடு போய் நின்றால் சாட்சியைக் கலைத்ததாக இன்னொரு வழக்கு வரலாம். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் சிறு குற்றங்களுக்கு நீதிபதியின் சம்மதத்தோடு சமரசம் உண்டு. அதையும் வக்கீல்தான் பேச வேண்டும்.

கோர்ட்டில் வழக்கு இருக்கும்போதே கல்லூரியும் விசாரிக்கிறது. ஒரே தவறுக்கு இரண்டு தண்டனையா?

ஆமாம், அதற்குத் தடையில்லை. கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். கல்லூரிக்குப் பெரும்பாலும் 'நடந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு' என்பதே போதும். கோர்ட் விடுவித்தாலும் கல்லூரி நீக்கலாம். உதவித்தொகையை நடுவில் நிறுத்த கோச்சின் கோபம் மட்டும் போதாது, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதிப்படி, எல்லா மாணவர்களையும் விசாரிக்கும் அதே ஒழுங்குக் குழு கடும் தவறு என்று முடிவு செய்ய வேண்டும். நிறுத்தினால், முறையிடும் வாய்ப்பு தர வேண்டும். ஆனால் கல்லூரி விசாரணையில் சொல்வது கோர்ட்டுக்கும் போகலாம் என்பதால், பல நேரம் மௌனமாக இருக்கச் சொல்வேன்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கிறாள் என் தங்கை. 'குற்றத்தை ஒப்புக்கொள், ஒழுங்காக இருந்தால் வழக்கு தள்ளுபடி' என்கிறார்கள்.

கையெழுத்துப் போட வேண்டாம், பொறுங்கள். கோர்ட் பின்னால் தள்ளுபடி செய்தாலும், குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அந்த ஒப்புதல் தண்டனைத் தீர்ப்பாகவே நிற்கக்கூடும். அவளுடைய வக்கீல் இதை எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும் என்று 2010இல் பாடில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'இதனால் என் விசா என்ன ஆகும்?' என்று அவரிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.