பெர்மிட் காணிக்கு முற்பணம் கொடுக்கலாமா?

தங்கச்சி, கிளிநொச்சியில் அரை ஏக்கரோடு வீடு, உரிமையாளரிடம் பெர்மிட் (அரசு கொடுத்த காணி அனுமதிப் பத்திரம்) மட்டும்தான், நொத்தாரிசிடம் ஒப்பந்தம் எழுதலாம் என்று ஐந்து லட்சம் முற்பணம் கேட்கிறார் என எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இப்போது ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணி இன்னும் அரச காணிதான். வன்னியின் குடியேற்றத் திட்டக் காணிகள் பலவும் இப்படித்தான். அதை அவரால் விற்க முடியாது. பெர்மிட்டுக்கு அடுத்த படியாக அரசு தரும் அளிப்புப் பத்திரம் கிடைத்த காணி என்றாலும், விற்பதற்குப் பிரதேச செயலாளரின் முன்அனுமதி வேண்டும். அதில்லாமல் எழுதிய உறுதி (விற்பனைப் பத்திரம்) செல்லாது. எங்கள் மாமா வெறும் ஒப்பந்தத்தை நம்பி வாங்கினார். விற்றவர் இறந்ததும், பெர்மிட்டில் பின்னுரித்தாளராக, அதாவது அவருக்குப் பின் காணி சேர வேண்டியவராக, பெயர் இருந்த மகன் வந்து நின்றார். காணியும் போய், காசும் போய், மாமா உடைந்தே போனார்.

பெர்மிட் பிரதியோடு பிரதேச செயலகக் காணிக் கிளைக்கு நீங்களே நேரில் போங்கள். யார் பெயரில் இருக்கிறது, பின்னுரித்தாளர் யார் என்று கேளுங்கள். தரகரை அனுப்ப வேண்டாம்.

இதை விட்டு, உறுதியுள்ள தனியார் காணி கிடைத்தால் சரி, காணிப் பதிவகத்தில் ஈடு (அடமானம்) ஏதும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பிறகு கிணறு: ஆவணி, புரட்டாதியில் பாருங்கள், மாரியில் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். 2018 மார்கழி வெள்ளம் எதுவரை வந்தது என்று அயலவரிடமும் கேளுங்கள்.