இஸபெல்லாவின் கடிதம்

வணக்கம் மேடம்,

உங்கள் தொடர்களைப் பல வருடமாகப் படித்து வருகிறேன். 'வுதரிங் ஹைட்ஸ்' என்ற ஆங்கில நாவல் மறக்க முடியாத காதல் கதை என்று நீங்கள் எழுதியிருந்ததால் வாங்கிப் படித்தேன். முடித்ததும் கோபம்தான் வந்தது. அதில் ஒரு நல்ல மனுஷன் உண்டா? ஹீத்க்ளிஃப் கட்டிய மனைவியைக் கொடுமைப்படுத்துகிறான், சின்னப் பெண்ணை அடைத்து வைத்து அறைகிறான், செத்துப்போனவளின் கல்லறையைத் தோண்டுகிறான். இப்படிப்பட்ட ஆளை எழுதலாமா?

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ராத்திரியானால் போனில் ஆன்டி ஹீரோ கதைகள்தான். அடுத்த யூடி, அதாவது தொடரின் அடுத்த பகுதி, எப்போது வரும் என்று காத்துக் கிடக்கிறாள். ஒன்றை வாங்கிப் பார்த்தேன். ஹீரோ அந்தப் பெண்ணைக் கடத்திக்கொண்டு போய்த் தாலி கட்டுகிறான், படாத பாடு படுத்துகிறான், கடைசியில் அவளே அவன் தோளில் சாய்கிறாள். கேட்டால், "நீ படிச்ச இங்கிலீஷ் நாவல்ல மட்டும் என்னம்மா வாழுது?" என்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

— பெயர் வேண்டாம், ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் உங்கள் கேள்வி. இப்படிப்பட்ட ஆளை எழுதலாமா என்று நாவலை எழுதிய எமிலி பிரான்டேயின் சொந்த அக்கா சார்லட்டே கேட்டிருக்கிறார். நாவல் 1847 டிசம்பரில் எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வந்தது. அடுத்த டிசம்பரில் எமிலி 30 வயதில் காசநோயில் போய்ச் சேர்ந்தார். 1850இல் மறுபதிப்புக்கு முன்னுரை எழுதிய சார்லட், ஹீத்க்ளிஃப் போன்ற ஒருவனைப் படைப்பது சரியா என்று தெரியவில்லை, சரியென்று தனக்குத் தோன்றவில்லை என்றே எழுதிவிட்டார். சார்லட் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இந்த இடத்தில் மட்டும் அவரோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. கெட்டவனை எழுதத்தான் வேண்டும். எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சம்பவங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் மகள் சொல்வது உண்மை. கடத்தல், அறை, கட்டாயக் கல்யாணம் எல்லாம் இந்த நாவலிலும் இருக்கிறது. அவன் ஏன் இப்படி ஆனான் என்பதற்கு மனதை உருக்கும் இளமைக் காலமும் இருக்கிறது. லிவர்பூல் தெருவில் பசியோடு கிடந்த பையன். தூக்கிவந்து வளர்த்த பெரியவர் செத்ததும், அவர் மகன் ஹிண்ட்லி இவனுடைய படிப்பை நிறுத்தி, பண்ணையாள் ஆக்கி, அடித்து நொறுக்குகிறான். கூடவே வளர்ந்த காத்தரின், இவனைக் கட்டிக்கொண்டால் தனக்குக் கௌரவக் குறைச்சல் என்று சொல்வது காதில் விழுகிறது. மீதியைக் கேட்காமல் வீட்டைவிட்டே போய்விடுகிறான். அவனும் தானும் வேறு வேறல்ல என்று அவள் சொல்வது அந்த மீதியில்தான். தொடர்கதை எழுதுகிற எவருக்கும் நாக்கில் எச்சில் ஊறவைக்கும் சரக்கு இது.

நான் பார்ப்பது வேறு. அவன் ஒருத்தியை அடித்த பிறகு கதை யார் பக்கத்தில் போய் உட்காருகிறது?

இஸபெல்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். காத்தரின் கட்டிக்கொண்ட எட்கர் லின்டனின் தங்கை, வசதியான வீட்டுச் செல்லப் பெண். மூன்று வருடம் கழித்துப் பணத்தோடும் மிடுக்கோடும் திரும்பி வந்த ஹீத்க்ளிஃப் மேல் மயங்கிவிடுகிறாள். அவனை உயிராக நேசிக்கும் காத்தரினே அவளைக் கூப்பிட்டு எச்சரிக்கிறாள்: அவன் ஓநாய், அந்த முரட்டுத் தோற்றத்துக்கு அடியில் கருணை ஒளிந்திருக்கிறது என்று கனவு காணாதே. நம்முடைய ஆன்டி ஹீரோ கதைகளில் தவறாமல் வரும் ஒரு வசனம் உண்டு, அவன் பலாப்பழம் மாதிரி, வெளியே முள், உள்ளே சுளை என்று. அதை 170 வருடத்துக்கு முன்பே அவனுடைய காதலியின் வாயாலேயே எமிலி மறுத்துவிட்டார். இஸபெல்லா கேட்கவில்லை. பொறாமையில் சொல்கிறாள் என்று நினைத்து ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்கிறாள்.

அப்புறம் 13ஆம் அத்தியாயத்தில் அவளுடைய கடிதம் வருகிறது. வீட்டு வேலைக்காரியும் இந்தக் கதையை நமக்குச் சொல்பவளுமான நெல்லி டீனுக்கு எழுதுகிறாள். தான் கட்டிக்கொண்டது மனிதனையா, பைத்தியத்தையா, பிசாசையா என்று கேட்கிறாள். அதைவிட என்னை உலுக்கியது அதற்குப் பிறகு அவள் எழுதும் சின்னச் சின்ன விஷயங்கள். அந்த வீட்டில் பேச்சுத் துணைக்கு ஒரு பெண் இல்லை. கஞ்சி காய்ச்ச முயல்கிறாள், கட்டி கட்டியாகப் போகிறது. தூங்க ஓர் அறை கேட்கிறாள், கிழட்டு வேலைக்காரன் ஜோசப் மூட்டை போட்டிருக்கும் பரணைக் காட்டுகிறான். கடைசியில் கீழே கூடத்தில் நெருப்பருகே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்கிறாள். புருஷன் வீட்டில் முதல் ராத்திரி. இருட்டும் பசியுமான ஒரு வீட்டில் தனக்கு இடமில்லை என்று தெரிந்துகொள்ளும் பெண்ணின் குரலை அத்தியாயத்தின் பெரும்பகுதியிலும் அவள் வாயாலேயே கேட்க வைக்கிறார் எமிலி. அந்த நேரத்தில் ஹீத்க்ளிஃப்பின் சோகக் கதைக்கு அங்கே இடமே இல்லை.

அடுத்த அத்தியாயத்தில் நெல்லி நேரில் போகிறாள். மனைவியை முன்னால் வைத்துக்கொண்டே அவன் சொல்கிறான், இவள் என்னைக் கதைப் புத்தகத்து நாயகனாகக் கற்பனை செய்துகொண்டு வந்தவள் என்று. அவள் நாயைத் தூக்கில் தொங்கவிட்டபோதுகூட அவளுக்குக் கண் திறக்கவில்லையாம். பிரிந்துபோக உரிமை கொடுக்கும் எதையும் தான் செய்துவிடவில்லை, சட்டத்தின் எல்லைக்குள்தான் எல்லாம் செய்கிறேன் என்று வேறு பெருமைப்படுகிறான். அவன் எவ்வளவு நிதானமாகக் கணக்குப் போட்டுக் கொடுமை செய்கிறான் பாருங்கள். கோபத்தில் நிலைதவறி அடித்துவிட்டான், பாவம் என்று சமாதானம் சொல்ல வழியே இல்லை.

இஸபெல்லா அவன் தோளில் சாயவில்லை. தப்பித்து ஓடுகிறாள். லண்டன் பக்கம் போய்ப் பிள்ளை பெற்று, தனியாக வளர்க்கிறாள்.

நீங்கள் சொன்ன அந்தச் சின்னப் பெண், காத்தரினின் மகள் கேத்தி, அவள் கதைக்கு வருகிறேன். அவளை வீட்டுக்குள் வரவழைத்துப் பூட்டுகிறான். சாவிக்காகப் பாய்ந்து அவன் கையைக் கடிக்கிறாள். பிடித்துவைத்து இரண்டு பக்கமும் மாறி மாறி அறைகிறான். அங்கே அவளுடைய அப்பா சாகக் கிடக்கிறார். அவரைப் போய்ப் பார்க்க வேண்டுமானால் இஸபெல்லா பெற்ற தன் நோயாளி மகனைக் கட்டிக்கொள் என்கிறான். இணையத் தொடர்களில் வரும் அதே காட்சிதான். ஆனால் இங்கே அதன் காரணம் பச்சையாகத் தெரிகிறது: சொத்து. அந்தக் கால இங்கிலாந்தில் கல்யாணம் ஆனதுமே மனைவியின் பணமும் பொருளும் புருஷனுக்குப் போய்விடும். 1870, 1882 சட்டங்கள்தான் அதை மாற்றின. கேத்தியின் அசையும் சொத்து அவள் புருஷனுக்கும், அவன் சாவதற்கு முன் எழுதிய உயிலால் அவன் அப்பனுக்கும் போகிறது. இந்த விவரத்தை எல்லாம் எமிலி விட்டிருக்கலாம். ஆனால் பெண்ணை அடைத்து வைப்பவனுக்கு என்ன லாபம் என்பதை வாசகர் பார்க்காமல் போகக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

எனக்குச் சில ஆன்டி ஹீரோ கதைகள் மேல் இருக்கும் மனக்குறை இங்கேதான். அவன் அறைந்ததும் அத்தியாயம் முடிந்துவிடுகிறது. அடுத்த யூடி அவனுடைய பிளாஷ்பேக்கோடு தொடங்குகிறது: அம்மா விட்டுவிட்டுப் போனாள், சித்தி சோறு போடவில்லை. நாமும் அவனுக்காக அழுகிறோம். கன்னம் வீங்கிய பெண் என்ன ஆனாள்? இரண்டு அத்தியாயம் கழித்து வருவாள், அவனுக்குக் காபி எடுத்துக்கொண்டு. அவளுடைய கஷ்டம் அவனைத் திருத்துவதற்கான செலவாக எழுதப்படுகிறது. இதற்குக் காதல் என்று பெயர் வைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

எல்லாக் கதையும் அப்படி என்று சொல்லவில்லை. அதே தளங்களில் குடிகாரப் புருஷனைப் பற்றியும் சந்தேகப் பிராணியைப் பற்றியும் நெஞ்சில் நிற்கிற மாதிரி எழுதும் பெண்கள் இருக்கிறார்கள். சமையலை முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்து, போனிலேயே தட்டச்சு செய்து எழுதுகிறவர்கள். அவர்களைக் கேலி செய்பவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கஷ்டத்தைக் கேட்டு அழுவது நமக்குப் புதிதும் இல்லை. நல்லதங்காள் கதையைக் கேட்டு நம் பாட்டிமார் எத்தனை தலைமுறையாக அழுதிருக்கிறார்கள்! பஞ்சத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து, அண்ணி மூளி அலங்காரியால் அவமானப்பட்டு, ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்தவள். அழுத யாரும் அலங்காரியின் பக்கம் நியாயம் பேசவில்லை. யாரால் வந்த கஷ்டம் என்பதைக் கதை ஒரு நிமிஷம்கூட மறக்கவிடவில்லை.

மறந்துபோவது வாசிப்பிலும் சினிமாவிலும் நடக்கிறது. 1939இல் ஹாலிவுட்டில் 'வுதரிங் ஹைட்ஸ்' படமானபோது இரண்டாம் தலைமுறைக் கதையையே எடுத்துவிட்டார்கள். மகள் கேத்தி இல்லை, அவள் வாங்கிய அறை இல்லை, உயில் இல்லை. காதலர்கள் ஆவியாகச் சேர்ந்து நடந்து போவதோடு படம் முடிகிறது. நம் ஊரில் தேவதாஸுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான். 1953இல் வந்த தமிழ்ப் படத்தின் 'உலகே மாயம்' பாட்டைத் தெரியாதவர்கள் குறைவு. தாடி வளர்த்தவனை எல்லாம் தேவதாஸ் என்கிறோம். சரத்சந்திரரின் மூல வங்க நாவலில் அவன் பார்வதியின் நெற்றியில் தூண்டில் கோலால் ரத்தம் வர அடிக்கிறான். அந்தத் தழும்போடுதான் அவள் வேறொருவர் வீட்டுக்குப் போகிறாள். தாடி நினைவில் நின்ற அளவுக்குத் தழும்பு நிற்கவில்லை. வேண்டாம் என்று சொன்ன பெண்ணைத் துரத்துவதைத் தனிக் குற்றமாக்கி 2013இல்தான் நம் நாட்டில் சட்டம் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் எத்தனை படங்களில் அதற்கு டூயட் வைத்திருக்கிறோம் என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

அப்படியானால் 'வுதரிங் ஹைட்ஸ்' காதல் கதைதானா? ஆம் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஹீத்க்ளிஃப்பின் தவிப்பு பொய்யில்லை. 18 வருடம் கழித்தும் அவள் சவப்பெட்டியைத் திறக்கச் சொல்லி முகம் பார்க்கிற அந்தப் பைத்தியத்தைப் படிக்கும்போது எனக்கு அடிவயிறு கலங்கும். அவனுக்காக அழலாம். அந்த அழுகை இஸபெல்லாவின் கடிதத்தை அழித்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொரு காதலும் அதில் இருக்கிறது. கோபத்தில் வேகமாகக் கடந்திருப்பீர்கள், 32ஆம் அத்தியாயத்தைத் திரும்பப் படியுங்கள். ஹிண்ட்லியின் மகன் ஹேர்ட்டனும் குறையுள்ள ஆள்தான். எழுதப் படிக்கத் தெரியாத முரடன். தானாக எழுத்துக் கூட்டப் பார்த்தவனைக் கேத்தி கேலி செய்ததில், அவளைக் கை நீட்டி அடித்து, புத்தகங்களை நெருப்பில் போட்டவன். கேத்தியின் கேலியும் சாதாரணக் கேலி இல்லை, அவனை மனுஷனாகவே மதிக்காத கேலி. பிறகு ஒருநாள் அவளே ஒரு புத்தகத்தை வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, ரிப்பன் கட்டி, மேலே அவனுடைய முழுப் பெயரை மரியாதையோடு எழுதி, நெல்லியிடம் கொடுத்தனுப்புகிறாள். வாங்கிக்கொண்டால் சரியாகப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறேன், வேண்டாம் என்றால் மாடிக்குப் போய்விடுகிறேன், இனி ஒருநாளும் சீண்ட மாட்டேன் என்று சொல்லச் சொல்கிறாள். ஹேர்ட்டன் வாங்கிக்கொள்ளவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை. முழங்காலில் வைத்ததை அப்படியே விட்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் காகிதத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் பக்கத்தில் போகிறாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பது எவ்வளவு பெரிய ஆசையைக் கிளப்புகிறது பாருங்கள். கடத்தல் கதைகளில் எனக்கு இந்தப் படபடப்பு ஒருபோதும் வந்ததில்லை.

நானும் தொடர் எழுதுகிறவள்தான். என் நாயகன் ஒருத்தியைக் காயப்படுத்தினால் அடுத்த அத்தியாயம் அவளிடம்தான் தொடங்கும். "ஹீரோவைக் காட்டுங்க" என்று கமெண்ட் வரும், வரட்டும். அந்த ராத்திரி அவள் எங்கே படுத்தாள், என்ன சாப்பிட்டாள், யாரிடம் பேசினாள் என்று எழுதி முடிக்காமல் அவன் பக்கம் போகமாட்டேன்.

போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் தோழியின் போனில் படிப்பாள், உங்களிடம் சொல்லமாட்டாள். இப்போதாவது உங்களோடு சண்டை போடுகிறாள். அவள் படிக்கும் தொடரை நீங்களும் முதலிலிருந்து படியுங்கள், பாதியில் நுழைந்து குறை சொல்லாதீர்கள். 'வுதரிங் ஹைட்ஸ்' முழுவதையும் அவள் தலையில் கட்ட வேண்டாம், 13ஆம் அத்தியாயத்தை மட்டும் கொடுங்கள். படித்த பிறகு, அவளுடைய தொடரில் வரும் அந்தப் பெண் தன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினால் அதில் என்ன இருக்கும் என்று கேளுங்கள். அவளுக்கு மனமிருந்தால் எழுதட்டும். எழுதினால், அவள் சம்மதித்தால் மட்டும், எனக்கு அனுப்பி வையுங்கள். கட்டாயம் பதில் போடுகிறேன்.

அன்புடன்.