சீட்டில்லாத வண்டு – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மழை பிடித்த முதல் வாரத்தில் எங்கள் வீட்டு மாமரத்தடியில் விரல் நீள வண்டு ஒன்று கிடைத்தது. உடம்பைவிடக் கொம்பு நீளம். சாம்பல் நிற முதுகில் மஞ்சள் புள்ளிகள், கழுத்தருகே இரண்டு செம்புள்ளிகள். கையில் எடுத்தால் கிறீச்சிடுகிறது. படத்தைப் பார்த்த நண்பர், பர்மாவுக்கே இது புதிது என்கிறார். உண்மைதானா?
– வாசகர், மோல்மேன்

பதில்: நண்பரின் உற்சாகத்தைக் கெடுக்க மனமில்லை, ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்கள் மாமரத் தண்டுத்துளைப்பான் வண்டுக்குப் பொருந்துகின்றன. பாட்டோசெரா ரூஃபோமாகுலாட்டா என்ற அறிவியல் பெயரோடு 1775-இலேயே விவரிக்கப்பட்ட வண்டு அது. அதன் புழு உயிருள்ள மரத்தைக் குடைந்து வளர்வதால், அடிமரத்தில் ஓட்டையும் கீழே மரத்தூளும் தென்பட்டால் முதலில் மரத்தைக் கவனியுங்கள்.

படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். புள்ளியின் நிறம் வண்டுக்கு வண்டு மாறுபடும். கொம்பின் நீளமோ ஆணுக்கும் பெண்ணுக்குமே வேறாக இருக்கும். ஒரு கைலென்சை எடுத்து, கொம்பு முளைக்கும் இடத்தைப் பாருங்கள்: கண் அங்கே பிறை போல வளைந்து கொம்பின் அடியைச் சுற்றியிருக்கும். பாதத்தில் நான்கு கணுக்கள் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் ஐந்து, ஒன்று மிகச் சிறிதாகி மூன்றாம் கணுவின் இரு மடல்களுக்கிடையே ஒளிந்திருக்கும். நீள்கொம்பு வண்டுக் குடும்பத்துக்கு உரிய அடையாளங்கள் இவை என்றாலும், பாதக்கணு இலைவண்டுகளிலும் இப்படியே இருப்பதால் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. முகம் செங்குத்தாக இறங்கி, வாயருகே உள்ள உணர்விரலின் கடைசிக் கணு கூராக முடிந்தால் லாமியினே என்னும் துணைக்குடும்பம். உங்கள் வண்டு அதைச் சேர்ந்தது. முன்மார்பின் இரு ஓரங்களிலும் விளிம்பு ஓடி, அதில் பற்களும் இருந்தால் பெரும்பாலும் பிரியோனினே என்னும் மற்றொரு துணைக்குடும்பம். கிறீச்சொலி தொண்டையிலிருந்து வருவதன்று; முன்மார்பின் பின்விளிம்பு, நடுமார்பின் மேலுள்ள நுண்வரித் தகட்டில் உரசுவதால் எழுவது.

கேள்வி: 'புதிய இனம்', 'புதிய பதிவு' இரண்டும் ஒன்றா? பர்மாவின் வண்டுகளை யாரேனும் முறையாகத் தொகுத்திருக்கிறார்களா?
– வாசகர், ரங்கூன்

பதில்: ஒன்றல்ல. உலகில் எங்குமே விவரிக்கப்படாத உயிர் புதிய இனம். அதற்குப் பெயர் சூட்டுபவர் அந்தப் பெயருக்கு ஆதாரமான ஒரு மூலமாதிரியைக் குறிப்பிட்டு, பிறர் பார்க்கக்கூடிய அருங்காட்சியகத்தில் அதை வைப்பது மரபு. வேறோர் இடத்தில் முன்பே பெயர் பெற்ற இனம் நம் பகுதியில் முதன்முறையாக உறுதிசெய்யப்பட்டால் அது புதிய பதிவு. இரண்டாவதைப் பலர் எளிதென்று நினைக்கிறார்கள். எனக்கு அது அத்தனை எளிதாகப் படவில்லை. 'இதுவரை இங்கே பதிவில்லை' என்று சொல்ல, பழைய பதிவுகள் அத்தனையையும் புரட்டியிருக்க வேண்டும்.

இத்தாலியரான லியோனார்தோ ஃபேயா 1885 முதல் 1889 வரை பர்மாவில் சேகரித்தவை ஜெனோவா அருங்காட்சியகத்துக்குச் சென்றன. அவற்றின் நீள்கொம்பு வண்டுகளை லண்டன் அருங்காட்சியகத்தின் சி. ஜே. காஹன் ஆராய்ந்து 1894-இல் வெளியிட்டார். 1906-இல் இலங்கையையும் பர்மாவையும் உள்ளடக்கிய பிரித்தானிய இந்திய விலங்கினத் தொகுதியையும் எழுதினார். அந்தத் தொகுதியில் லாமியினே இல்லை. ஆகவே அதில் தேடிக் காணாமல், மேலே கேட்ட மோல்மேன் நண்பரின் வண்டைப் 'புதிது' என்று ஒருவர் அறிவித்தால் பிழை அவருடையதுதான்.

வண்டு கிடைத்த இடத்தை எழுதி அதனோடு வைக்கும் துண்டுத்தாளே சீட்டு. ஃபேயாவின் சீட்டுகள் சிலவற்றில் 'காரின் செபா, 900–1100 மீட்டர்' என்று மலைப்பகுதியின் பெயரோடு உயரமும் இருக்கிறது. அந்த ஒரு வரியால்தான் இன்றும் மலையில் அந்த இடத்தை நெருங்க முடிகிறது. 'தெனாசெரிம்' என்று மட்டும் எழுதிய சீட்டு, நீண்ட கடற்கரைப் பகுதி முழுவதையும் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். இன்று சேகரிப்பவர் ஊர், அகல நெட்டாங்கு, உயரம், தேதி, சேகரித்தவர் பெயர், எந்த மரத்தில், விளக்கொளிக்கு வந்ததா தடியால் தட்டி விழுந்ததா என்பது வரை எழுதி, வண்டைக் குத்திய அதே ஊசியில் அதற்குக் கீழே குத்திவைக்க வேண்டும். வெளித்தோற்றம் ஒத்துப்போகும் இனங்களில் ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தே முடிவுக்கு வருகிறார்கள்.

கேள்வி: வாங்கி இரண்டு ஆண்டான கட்டிலிலிருந்து நீளக்கொம்பு வண்டு ஒன்று வெளியே வந்தது. இதைப் பெகுவின் பதிவாகக் கொள்ளலாமா?
– வாசகி, பெகு

பதில்: கூடாதம்மா. காய்ந்த மரத்துக்குள்ளேயே புழு ஆண்டுக்கணக்கில் இருந்து வளரும் இனங்கள் உண்டு. மரம் எந்தக் காட்டில் வெட்டப்பட்டது, எந்த மரவாடியில் கிடந்தது என்பது தெரியாதவரை, வண்டின் ஊர் பெகு ஆகாது. சீட்டில் 'கட்டில் மரத்திலிருந்து வெளிவந்தது' என்று எழுதி வையுங்கள். தேக்குக் கட்டிலாயிருந்து, பலகையில் விரல் நுழையும் பழைய துளையும் இருந்தால் அதை இந்த வண்டின் கணக்கில் சேர்க்காதீர்கள். பர்மாத் தேக்கில் பேர்பெற்ற அந்தத் துளையைக் குடைவது ஓர் அந்துப்பூச்சியின் புழு.