போலோவா, ஸ்விஃப்ட்டா? ஓட்டும் சுகமும் ஒர்க்‌ஷாப் செலவும்

கேள்வி: கோவையில் வசிக்கிறோம். வீட்டில் ஒரே கார்தான். நானும் மனைவியும் மாறி மாறி ஓட்டுவோம். தினமும் முப்பது கிலோமீட்டர் நகர ஓட்டம், மாதத்தில் இரண்டு முறை வால்பாறை அல்லது கோத்தகிரி. மொத்த பட்ஜெட் 9 லட்சம். 2017 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) ஆட்டோமேட்டிக் ஒன்று, 72,000 கி.மீ. ஓடியது, 6.25 லட்சத்துக்கு வருகிறது. 2021 போலோ 1.0 டிஎஸ்ஐ மேனுவல், 41,000 கி.மீ. ஓடியது, 8 லட்சம் சொல்கிறார்கள். "ஜெர்மன் கார் கையைக் கடிக்கும், பேசாமல் ஸ்விஃப்ட் எடு" என்கிறார் மைத்துனர். எதை எடுக்கலாம்?

பதில்: 2021 மேனுவல் போலோவை எடுங்கள். விலையை ஏழே முக்கால் லட்சத்துக்குள் பேசி முடியுங்கள். மிச்சத்தில் எழுபது, எண்பதாயிரத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அந்தத் தொகை கையில் இருக்காது என்றால் மைத்துனர் சொல்வதே சரி.

அவர் பயப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த பயத்தைக் கார் முழுவதன் மேலும் பூசத் தேவையில்லை. போலோவை ஓட்டும்போது கிடைக்கும் சுகம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: இறுக்கமான பாடி, வளைவில் தள்ளாடாத சஸ்பென்ஷன், குறைந்த சுற்றிலேயே இழுக்கும் டர்போ என்ஜின். பெரிய பில் போடும் பாகம் இவற்றில் எதுவும் இல்லை, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான். சுகத்தைத் தரும் பாகம் வேறு, செலவு வைக்கும் பாகம் வேறு என்பதால் இரண்டையும் பிரித்து வாங்க உங்களுக்கு வழியிருக்கிறது. எல்லா ஸ்போர்ட்டி காரிலும் இந்த வசதி கிடைக்காது.

முதலில் அந்த 2017 ஜிடி. அதிலிருப்பது 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ என்ஜின். சக்தி 105 பிஎஸ், இழுவிசை 175 என்எம். என்ஜினைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. அதோடு சேர்ந்து வரும் ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான் விஷயம். டிக்யூ200 என்பது அதன் பெயர். உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று 1, 3, 5, 7 கியர்களைப் பார்த்துக்கொள்ளும். மற்றது 2, 4, 6, ரிவர்ஸ். இரண்டுமே உலர் கிளட்ச். ஆயிலில் மூழ்கிய கிளட்ச்சாக இருந்தால் சூட்டை ஆயில் வாங்கிக்கொண்டு போகும். இங்கே அந்த வசதி இல்லை. காந்திபுரம் நெரிசலில் பிரேக்கை விட்டு விட்டு ஊர்ந்து போனால் முதல் கியரின் கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே உரசிக்கொண்டிருக்கும். சூடேறித் தேயும். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது வண்டி உதறும்.

கிளட்ச்சாவது முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தேயும். மெக்கட்ரானிக் அப்படியில்லை. கியர்பாக்ஸின் கணினி, சோலினாய்டு வால்வுகள், மின்மோட்டாரில் ஓடும் ஆயில் பம்ப், அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யூமுலேட்டர் எல்லாம் சேர்ந்த ஒரே கட்டு அது. அக்யூமுலேட்டர் பொருந்தும் இடத்தில் மயிரிழை விரிசல் விட்டாலும் அழுத்தம் கசியும், பம்ப் ஓயாமல் ஓடும். பிறகு ஒரு நாள் டேஷ்போர்டில் கியர் எழுத்துகள் கண் சிமிட்டும். பாதி கியர்கள் காணாமல் போகும், அல்லது ரிவர்ஸ் விழாது. ஸ்கேனரில் பி17பிஎஃப் என்ற குறி வந்தால் பெரும்பாலும் கதை இதுதான். வெப்பமும் ஈரப்பதமும் அதிகமுள்ள நாடுகளில் செயற்கை கியர் ஆயில் மின்பகுதியைக் கெடுக்கிறது என்று 2013ல் ஃபோக்ஸ்வாகனே உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, கனிம ஆயிலுக்கு மாற்றியது. உங்கள் 2017 வண்டி அதற்குப் பிந்தியதுதான். ஆனால் ஆயிலை மாற்றியது மின்கோளாறுக்குத்தான். விரிசலுக்கு அது மருந்தில்லை. கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் மெக்கட்ரானிக் மாற்ற லட்சத்துக்கு மேல் ஆகும். உங்கள் ஊர் விலையை எழுத்தில் வாங்கிப் பாருங்கள். நீங்கள் மிச்சம்பிடிப்பதாக நினைக்கும் ஒன்றரை லட்சம் அங்கேயே கரைந்துவிடும்.

ஒரே ஒரு சூழ்நிலையில் அந்த ஜிடியை எடுக்கலாம்: மெக்கட்ரானிக்கும் கிளட்ச்சும் கடந்த இரண்டு வருடத்துக்குள் மாற்றப்பட்டிருக்க வேண்டும், கம்பெனி பில் கையில் இருக்க வேண்டும், வண்டி எண் பில்லில் ஒத்துப்போக வேண்டும். "எல்லாம் மாத்தியாச்சு சார்" என்ற வாய்வார்த்தை பில் ஆகாது. ஓட்டிப் பார்ப்பதென்றால் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள், அங்கே எல்லா டிஎஸ்ஜியும் வெண்ணெய்தான். அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டி நன்றாகச் சூடேற்றுங்கள். பிறகு ஒரு சரிவில் நிறுத்தி ரிவர்ஸில் மேலேற்றிப் பாருங்கள். அங்கே உதறினாலோ, கியர் விழுவதற்குள் ஒரு நொடி யோசித்தாலோ சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ரீமேப் (என்ஜின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) செய்த வண்டியா என்பதையும் விசாரியுங்கள். டிக்யூ200 தாங்கும் உச்ச அளவு 250 என்எம். ரீமேப் இழுவிசையை அந்த எல்லைக்கு அருகே கொண்டுபோகும்; ஏற்கெனவே தேய்ந்த உலர் கிளட்ச் அதற்குத் தோதில்லை. ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், டர்போ குழாய் மூன்றும் கம்பெனிப் பொருளாக இல்லாவிட்டால் மென்பொருளிலும் கை வைத்திருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 2021 மேனுவல். 2020ல் பிஎஸ்6 புகை விதிகளோடு வந்த 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர் டிஎஸ்ஐ. 110 பிஎஸ், 175 என்எம், ஆறு கியர். பழைய ஜிடியை விட ஒரு சிலிண்டர் குறைவு, ஐட்லிங்கில் கொஞ்சம் அதிர்வு தெரியும். மலையில் அதை மறந்துவிடுவீர்கள். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு போகும்.

போலோ உற்பத்தி 2022ல் நின்றுவிட்டதே, பாகம் கிடைக்குமா என்று கேட்பீர்கள். என்ஜின் விஷயத்தில் கவலை வேண்டாம்: ஃபோக்ஸ்வாகன் டைகுன், வர்ட்டஸ், ஸ்கோடா குஷாக், ஸ்லாவியா எல்லாவற்றிலும் இதே குடும்பத்து 1.0 டிஎஸ்ஐதான் ஓடுகிறது. பம்பர், ஹெட்லைட், உள்பக்க பிளாஸ்டிக் போன்றவற்றுக்குத்தான் போகப்போகக் காத்திருக்க நேரும். ஆகவே அடிபட்டுத் தேற்றிய வண்டி வேண்டவே வேண்டாம்.

என்ன பார்க்க வேண்டும்? காலையில் நீங்கள் போகும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த என்ஜின் முதல் அரை நிமிடம் திக்கினால் இக்னிஷன் காயில், பிளக், அல்லது இன்டேக் வால்வில் படிந்த கரி. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் வால்வின் முதுகைக் கழுவ ஆளில்லை. ஆயில் ஆவி அங்கே கரியாக ஒட்டிக்கொள்ளும். 41,000 கி.மீ.க்கு இது சீக்கிரம்தான். குறுகிய தூரமே ஓடிய வண்டி என்றால் நடக்கக்கூடியது. பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் பாட்டில் இதற்குப் பயன்படாது, வால்வைத் தொட்டால்தானே சுத்தம் செய்யும்? இன்டேக்கைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சித்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து கூலன்ட். இந்த என்ஜினில் வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் கூட்டில், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கின்றன. கசிவு தொடங்கினால் அங்கே இளஞ்சிவப்பு நிறத்தில் உப்பு பூத்தது போல் படியும். டார்ச் அடித்துப் பாருங்கள். டேங்க்கில் அளவு சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், நேற்று ஊற்றியிருப்பார்கள். டர்போ குழாயைக் கழற்றினால் உள்ளே மெல்லிய ஆயில் பிசுக்கு இருப்பது இயல்பு. சொட்டினால் டர்போவின் சீல் போய்க்கொண்டிருக்கிறது.

ஸ்கேனர் போடாமல் பணம் கொடுக்காதீர்கள். ஃபோக்ஸ்வாகன் வண்டிகளை மட்டும் பார்க்கும் மெக்கானிக்குகள் கோவையில் இருக்கிறார்கள். எரர் குறி எதுவும் இல்லை என்பதோடு நிறுத்தாமல் 'ரெடினஸ்' நிலையையும் (வண்டி தன்னைத் தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்பதை) காட்டச் சொல்லுங்கள். விற்பவர் நேற்றுதான் குறிகளை அழித்திருந்தால் அந்தச் சோதனைகள் முடியாமல் பாதியில் நிற்கும். டேஷ்போர்டில் இபிசி (என்ஜின் கோளாறைக் காட்டும்) விளக்கு எப்போதாவது எரிந்ததா என்றும் கேளுங்கள். இதே என்ஜின் கொண்ட குஷாக்கில் 2021ல் அந்த விளக்கு எரிந்து இழுவை குறைந்த புகார்கள் வந்து, ஸ்கோடா பெட்ரோல் பம்ப்பை மாற்றித் தந்தது. போலோவில் அதே அறிகுறி இருந்திருந்தால் என்ன பாகம் மாற்றினார்கள் என்று சர்வீஸ் பதிவில் தெரியும்.

வாங்கிய முதல் மாதத்துக்கான செலவைத்தான் ஒதுக்கி வைக்கச் சொன்னேன். ஆயில், ஃபில்டர்கள், பிளக், பிரேக் ஆயில் எல்லாம் புதிதாகப் போடுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் கோத்தகிரி இறக்கத்தில் கொதித்து, பெடல் தரைவரை போகும். டாட் 4, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 1820 என்றால் 2020ஆம் ஆண்டின் 18ஆவது வாரம் தயாரித்தது. பட்டன் மிச்சமிருந்தாலும் ஆறு வருடம் நெருங்கிய ரப்பர் மரத்துப்போய்விடும். மழையில் நனைந்த மலைப்பாதையில் 110 பிஎஸ்ஸும் தரையைத் தொடுவது அந்த நான்கு டயர் வழியாகத்தான். அதில் மிச்சம்பிடிப்பது யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது. முன்பக்க சஸ்பென்ஷனின் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ் இரண்டும் மேடுபள்ளத்தில் 'டொக் டொக்' என்றால் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை.

என்ஜின் ஆயிலுக்குக் கம்பெனி சொல்லும் கெடு 15,000 கி.மீ. அல்லது ஒரு வருடம். நெரிசலும் மலையும் கலந்த உங்கள் ஓட்டத்துக்கு 10,000தான் சரி. டப்பாவில் 5டபிள்யூ என்ற பிசுபிசுப்பு எண் மட்டும் போட்டிருந்தால் போதாது. கையேட்டில் உள்ள ஃபோக்ஸ்வாகன் தர எண்ணும் இருக்க வேண்டும். மலை ஏறி முடித்ததும் படக்கென்று சாவியைத் திருப்பாதீர்கள், கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வந்தால் டர்போ ஆறிவிடும். பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை: 2023 ஏப்ரலுக்கு முந்திய வண்டிகள் பெரும்பாலும் இ10க்கு (10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வடிவமைத்தவை. இப்போது பங்க்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். மைலேஜ் சற்று இறங்கும். ஒவ்வொரு சர்வீஸிலும் பெட்ரோல் குழாய்களில் ரப்பர் உப்பியோ வெடித்தோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத இரண்டு கார்கள். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைன்: 120 பிஎஸ், 172 என்எம், நான்கு சக்கரத்திலும் டிஸ்க், ஊருக்கு ஊர் சர்வீஸ். ஆனால் கிளட்ச் பெடலோடு கூடிய மேனுவல் 2023 செப்டம்பரில்தான் வந்தது. அதற்கு முந்தியவற்றில் இருப்பது கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி, அல்லது டிசிடி எனும் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக். அந்த டிசிடியும் உலர் கிளட்ச்தான், போலோவுக்குச் சொன்ன சோதனையெல்லாம் அதற்கும் பொருந்தும். 2023 கடைசி மாடல் மேனுவல் உங்கள் பட்ஜெட்டில் மாட்டினால் தயங்காமல் போய்ப் பாருங்கள். இன்னொன்று அபார்த் புன்டோ. 145 குதிரைத்திறன், கூடவே ஹைட்ராலிக் ஸ்டீயரிங். இந்தியாவில் இந்த விலைக்கு அப்படி ஒரு கார் திரும்ப வராது. ஃபியட் கடையைக் கட்டிவிட்டது, பாகத்துக்கு அலைய வேண்டும். வீட்டில் இரண்டாவது கார் இருப்பவர்களுக்கு அது, உங்களுக்கு அல்ல.

ஸ்விஃப்ட்டை வேண்டாவெறுப்பாக ஒதுக்காதீர்கள். 2021 பிப்ரவரி முதல் 2024 வரை வந்த மேனுவல் ஸ்விஃப்ட்டில் நான்கு சிலிண்டர் 1.2 டூயல்ஜெட், 90 பிஎஸ். வண்டியின் எடை 900 கிலோ அளவுதான். டர்போ இல்லை, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இல்லை, டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். கெடுவதற்கு ஆளே குறைவு. சுற்றை மேலே வைத்து ஓட்டத் தெரிந்தவருக்கு மலையில் இது அலுக்காது. நல்ல டயர் போட்டால் பாதிக் குறை தீரும். தீராத குறை பாடி: மோதல் சோதனை நடத்தும் குளோபல் என்சிஏபி அமைப்பு 2014ல் இரண்டு ஏர்பேக் உள்ள போலோவுக்கு 4 நட்சத்திரம் தந்தது, ஸ்விஃப்ட்டுக்கு 2018ல் 2, கடுமையான புதிய விதிகளின்படி 2022ல் 1. இரண்டு பேரும் தினம் ஓட்டும் ஒரே கார் என்பதால் நான் இதையும் கணக்கில் சேர்த்தேன்.

பேரம் முடிந்தால் உரிமை மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து, கடன் இருந்திருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் கடன் பதிவை நீக்கும் 35ஆம் படிவமும் வாங்கிக்கொண்டு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். அதையும் விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள்.