சிமுலேஷன்ல மோட்டார் ஸ்பீடு ரெஃபரன்ஸை, அதாவது நாம கேட்ட வேகத்தை, கரெக்டா தொடுது, லேப் மோட்டார்ல மட்டும் கொஞ்சம் கீழயே நின்னுடுது, ஏன்?

ஸ்டேட் ஃபீட்பேக் (சிஸ்டத்தோட நிலையை அளந்து, ஒரு கெயினால பெருக்கி, இன்புட்ல கழிக்கிறது) போட்டு, ரெஃபரன்ஸை ஒரு கெயினால பெருக்கி உள்ள விட்டிருக்கீங்க, மாட்லேப்ல ஸ்பீடு சரியா வந்து நிக்குது, நிஜத்துல குறையுது, ஃபீட்பேக் கெயினை இன்னும் ஏத்தலாமானு கேக்குறீங்க. ஏத்தினா குறை சுருங்கும், ஆனா போகாது, சென்சார் நாய்ஸும் கூடவே பெருகும், வேணாம்.

போல்ஸ்ல, அதாவது சிஸ்டம் எவ்வளவு வேகமா அடங்கும்னு சொல்ற எண்கள்ல, ஒண்ணும் தப்பில்ல. முன்னாடி நின்னு பெருக்குதே அந்த கெயின், அது முழுக்க உங்க மாடலை நம்பிப் போட்ட கணக்கு. கையிலயே போட்டுப் பாருங்க: ஃபர்ஸ்ட் ஆர்டர் சிஸ்டம், போல் மைனஸ் 1, இன்புட் கெயின் 1. ஃபீட்பேக் 4 வச்சா போல் மைனஸ் 5-க்குப் போயிரும், அப்ப ரெஃபரன்ஸை 5-ஆல பெருக்கணும், 10 கேட்டா 10 வரும். நிஜத்துல இன்புட் கெயின் 0.8 தான்னு வைங்க, 40-ஐ 4.2-ஆல வகுத்தா 9.52. சரி மாடல் அச்சு அசலாவே இருக்கு, லோடு மட்டும் இன்புட் பக்கம் 2 யூனிட் இழுக்குதுன்னாலும் 48-ஐ 5-ஆல வகுத்து 9.6 தான்.

இதுக்கு எர்ரரை, அதாவது கேட்டதுக்கும் வந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை, இன்டக்ரேட் பண்ணி (தொடர்ந்து கூட்டிக்கிட்டே போய்) அதை இன்னொரு ஸ்டேட்டா சேர்த்து, மொத்தத்துக்கும் புதுசா கெயின் எடுங்க. க்ளோஸ்டு லூப் ஸ்டேபிளா இருந்து எல்லாம் அடங்கி நிக்குதுன்னா இன்டக்ரேட்டரும் நின்னுருக்கணும், அது நிக்கணும்னா எர்ரர் பூஜ்யம் ஆகியே தீரணும், மாடல் கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் சரி. பிளான்ட்டுக்கு (நாம கன்ட்ரோல் பண்ற சிஸ்டத்துக்கு, இங்க மோட்டாருக்கு) ஒரிஜின்ல ஜீரோ இருக்கக் கூடாது, இருந்தா நிலையான இன்புட் அவுட்புட்டுக்குப் போய்ச் சேராது, அவுட்புட் எத்தனையோ குறைஞ்சது அத்தனை இன்புட் வேணும், அவ்வளவுதான்.

அடுத்து நீங்க பொசிஷன் கன்ட்ரோல் பண்ணும்போது, பிளான்ட்லயே ஒரு இன்டக்ரேட்டர் இருக்கே இன்னொண்ணு எதுக்குனு தோணும். எங்க மண்டபம் பக்கம் ஆடி மாசம் கச்சான் காத்து அடிக்கும்போது வடகடல்ல நேர் வடக்க போற போட்டைப் பாருங்க. சுக்கானைத் திருப்பி வச்சா போட்டு திரும்பிக்கிட்டே இருக்கும், அதான் பிளான்ட்டோட இன்டக்ரேட்டர். ஆனா காத்து தள்ளுறது அதுக்கு முன்னாடி, சுக்கான் தள்ளுற அதே இடத்துல உள்ள வருது. வெறும் எர்ரரையும் அது மாறுற வேகத்தையும் மட்டும் பாக்குற கன்ட்ரோலர்னா, எர்ரர் பூஜ்யமானா சுக்கானை நடுவுக்குக் கொண்டு வந்துரும், உடனே காத்து மூஞ்சியைத் திருப்பிரும், அதனால கொஞ்சம் கோணிக்கிட்டேதான் போகும். டிரைவர் அப்படிச் செய்ய மாட்டார், திசை சரியா இருக்கும்போதும் சுக்கானை லேசா ஒரு பக்கம் பிடிச்சே வச்சிருப்பார். அந்தப் பிடிமானம்தான் இன்டக்ரல். 1922-ல மினோர்ஸ்கி கப்பல் ஓட்டுறவங்க சுக்கான் பிடிக்கிற விதத்தைக் கவனிச்சு எழுதின பேப்பர்லதான் இப்ப நாம பிஐடினு சொல்றதோட (எர்ரர், அதோட இன்டக்ரல், அது மாறுற வேகம் மூணையும் பாக்குற கன்ட்ரோலரோட) கணக்கு தெளிவா வருது, பாடத்துல இதைச் சொல்லாமலே பார்முலாவுக்குப் போயிடுறாங்க.

ரெஃபரன்ஸ் நிலையா இல்லாம சீரா ஏறிக்கிட்டே போச்சுன்னா கதை வேற. புது பாம்பன் பாலத்துல 72.5 மீட்டர் ஸ்பேன் 17 மீட்டர் மேல போகுது, அந்த மாதிரி ஒண்ணை ஸ்டெப்பா, ஒரே தாவுல, தூக்க முடியாது, ரெஃபரன்ஸை ரேம்ப்பாதான், சீரா ஏத்தித்தான், கொடுக்கணும். லூப்புக்குள்ள மொத்தமே ஒரு இன்டக்ரேட்டர்தான்னா ஒரு நிலையான பின்தங்கல் இருந்துக்கிட்டே இருக்கும், ரெண்டு வேணும். சைன் அலைன்னா அதே ஃப்ரீக்வென்சி ஆசிலேட்டர் கன்ட்ரோலருக்குள்ள இருக்கணும். ஃப்ரான்சிஸும் வோன்ஹாமும் 1976-ல நிரூபிச்ச இன்டர்னல் மாடல் ப்ரின்சிபிள் இதான்: எந்த மாதிரி சிக்னலைத் தொடணுமோ, அதை உண்டாக்குற மாடல் லூப்புக்குள்ளயே இருக்கணும்.

பழைய பெருக்கல் கெயினைத் தூக்கிப் போட்டுறாதீங்க. அது வேகமா கிட்டக் கொண்டு வந்து விடும், மிச்சத்தை இன்டக்ரேட்டர் பாத்துக்கும். அப்புறம் மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்குற உங்க டிரைவர் போர்டு வோல்டேஜ் ஒரு அளவுக்கு மேல தராதுல்ல, அங்க முட்டும்போது இன்டக்ரேட்டரை நிறுத்தி வைக்கிற ஆன்ட்டி வைண்டப் போடுங்க, இல்லேன்னா டார்கெட்டைத் தாண்டி ஓடிட்டு ரொம்ப நேரம் கழிச்சுதான் திரும்பும்.