லிங்க் கொடுப்பார் யாருமில்லையா? வாசகர் கேள்விகள்

கே: 3,000 ரூபாய்க்கு கூகுளில் முன்னால் வர 500 பேக்லிங்க், அதாவது மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு லிங்க், போட்டுத் தருவதாக ஒருவர் வாட்ஸ்அப்பில் விடாமல் துரத்துகிறார். வாங்கலாமா? (பெட்ஷீட் வியாபாரம், கரூர்)

வேண்டாம். கணக்குப் போட்டால் ஒரு லிங்க் ஆறு ரூபாய். அந்தக் காசுக்கு இடம் தருகிற தளத்தை மனிதர் யாராவது படிப்பார்களா? இந்த மாதிரி லிங்க்குகளைப் பிடிக்கத்தான் 2012 ஏப்ரலில் கூகுள் பெங்குவின் என்ற தேடல் மாற்றத்தை இறக்கியது. அதற்கு முந்தைய வருடம், அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைத்தொடர் தேடலில் முன்னால் நிற்பதற்குக் காசு கொடுத்துப் போட்ட லிங்க்குகள் காரணம் என்று நியூயார்க் டைம்ஸ் எழுத, கூகுள் அவர்களைப் பல பக்கங்கள் பின்னால் தள்ளிவிட்டது. எங்களுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லி ஏஜென்சியையும் நீக்கிப் பார்த்தார்கள், இழந்த இடம் உடனே திரும்பி வரவில்லை. நாளைக்கு உங்களுக்கு அடி விழுந்தால் இந்த வாட்ஸ்அப்காரர் போனை எடுக்க மாட்டார்.

கே: ஏற்கெனவே வாங்கித் தொலைத்துவிட்டேன். இப்போது?

சர்ச் கன்சோலில் (தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் இலவசக் கருவி), கூகுள் ஆட்கள் தண்டித்திருந்தால் காட்டும் மேனுவல் ஆக்‌ஷன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால், இனி வாங்காமல் இருந்தால் போதும்; குப்பை லிங்க்கில் பெரும்பகுதியைக் கூகுள் கணக்கிலேயே எடுப்பதில்லை. நோட்டீஸ் இருந்தால், போட்டவரையே எடுக்கச் சொல்லிவிட்டு, எடுக்க முடியாததை 'இவற்றைக் கணக்கில் எடுக்காதே' என்று கூகுளுக்குச் சொல்லும் டிஸவோ பட்டியலில் ஏற்றி, மறுபரிசீலனைக்கு எழுதுங்கள்.

கே: சரி, யாரிடம்தான் கேட்பது? எனக்கு எந்த வெப்சைட்காரரையும் தெரியாது. (பம்ப்செட் டீலர், திண்டுக்கல்)

தெரியும், யோசிக்கவில்லை. நீங்கள் சரக்கு எடுக்கிற பம்ப் கம்பெனியின் தளத்தில் டீலர்கள் பக்கம் ஒன்று இருக்கும், அதில் உங்கள் கடைப் பெயர், தெரு, போன் நம்பர் எல்லாம் இருந்தும் லிங்க் மட்டும் இருக்காது. மாதாமாதம் ஆர்டருக்குப் பேசுகிற அதே ஆளிடம், "சார், பெயருக்குக் கீழே நம்ம வெப்சைட்டையும் போட்டுடுங்க" என்றால் முடிந்தது. அப்புறம் கடைப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூகுளில் தேடுங்கள். இப்படி ஒரு பேக்கரிக்காகத் தேடியபோது, மூன்று வருடத்துக்கு முந்தைய கல்லூரி விழா ஒன்றின் நன்றிப் பட்டியலில் அவர்கள் பெயர் கிடைத்தது. கேக் கொடுத்ததையே ஓனர் மறந்திருந்தார். மூன்று வரி மெயில்தான் போட்டோம், அதில் எஸ்இஓ (தேடலில் முன்னால் வரச் செய்யும் வேலை) என்ற வார்த்தையே இல்லை. மறுநாள் லிங்க் வந்துவிட்டது.

கே: விக்கிப்பீடியாவில் நானே போட்டுக்கொண்டால்?

அழித்துவிடுவார்கள். அழிக்காவிட்டாலும், ஆங்கில விக்கிப்பீடியா 2007லேயே வெளி லிங்க்குகளுக்கெல்லாம் நோஃபாலோ (இந்த லிங்க்குக்கு மதிப்புத் தராதே என்று தேடல் தளங்களுக்குச் சொல்லும் குறி) போட்டுவிட்டது.

கே: கேட்காமலே யாராவது லிங்க் கொடுப்பார்களா? (வெட் கிரைண்டர் தயாரிப்பு, கோவை)

'எங்களைப் பற்றி' பக்கத்துக்குக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் மாவு நைசாக அரைபடவில்லை, கல்லைக் கொத்த வேண்டுமா என்று தினமும் யாராவது உங்களுக்குப் போன் செய்வார்கள் இல்லையா, அந்தப் பதிலைப் பக்கமாக எழுதுங்கள். கல் தேய்ந்ததை விரலால் தடவி எப்படிக் கண்டுபிடிப்பது, கொத்திய பிறகு முதல் ஈடு மாவை ஏன் கொட்டிவிட வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் பட்டறைப் படங்களோடு போடுங்கள். சமையல் எழுதுகிறவர்களுக்கு இட்லி மாவைப் பற்றித் தெரியும், கல்லைப் பற்றித் தெரியாது. அந்த இடத்தில் உங்களைக் காட்டிவிட்டுப் போவார்கள். நாளாகும், அது வேறு விஷயம்.

கே: வெப்சைட்டைப் புதிதாகச் செய்த பிறகு கூகுளிலிருந்து வருகிற கூட்டம் பாதியாகிவிட்டது. ஏன்?

பல காரணம் இருக்கலாம், நான் முதலில் சந்தேகப்படுவது பழைய பக்கங்களின் முகவரி மாறியதைத்தான். யாரோ எப்போதோ கொடுத்த லிங்க் எல்லாம் இப்போது பூட்டிய கதவில் போய் முட்டுகிறது. சர்ச் கன்சோலில் 404 ('பக்கம் இல்லை') பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றையும் அதே விஷயம் உள்ள புதுப் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (பழைய முகவரியிலிருந்து நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு வேலை முடிந்தது என்பார் டிசைனர், விடாதீர்கள். கூகுள் அதையும் இல்லாத பக்கமாகவே எடுத்துக்கொள்ளும்.