சேலத்தில் தினமும் காரில் வேலைக்குப் போகிறேன். கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டும் தலை வலிக்கிறது. கார்பன் மோனாக்சைடு காரணமாக இருக்குமா?

இருக்கலாம். ஏசியின் வடிகட்டி தூசியைத்தான் பிடிக்கும். வண்டிப் புகையில் இருக்கும் இந்த நச்சு வாயு அதைத் தாண்டி உள்ளே வந்துவிடும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை நெடி அடங்கிவிட்டதால் வாயுவும் போய்விட்டது என்று நம்பாதீர்கள்.

சூரமங்கலத்திலிருந்து ஐந்து ரோடு, சாரதா கல்லூரிச் சாலை வழியாக அஸ்தம்பட்டிக்குக் காரில் போகிறவன் நான். வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும் இடங்களில்தான் எனக்குக் கவலை. கறுப்பாகப் புகை விடும் லாரியைக் கண்டு எல்லோரும் ஒதுங்குகிறோம். ஆனால் கார்பன் மோனாக்சைடை அதிகம் கக்குவது, பராமரிப்பில்லாத பழைய பெட்ரோல் வண்டி. அதன் பின்னால் ஒட்டி நிற்காதீர்கள். நெரிசலில் வெளிக்காற்று வரும் வழியைச் சற்று நேரம் அடைத்துவையுங்கள். நெரிசல் விட்டதும் கட்டாயம் திறந்துவிடுங்கள். வழி நெடுக அடைத்தே வைத்தால், உள்ளே புகுந்த வாயு வெளியேறாமல் தங்கிவிடும்.

தலைவலி தினமும் வருகிறது என்பதால் உங்கள் காரையே முதலில் சந்தேகப்படுகிறேன். சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கலாம். எஞ்சினை ஒட்டிய மேனிஃபோல்ட் கேஸ்கெட் (புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தை அடைக்கும் தகடு) கசியலாம். புதிதாக ஒரு தடதடப்புச் சத்தம் கேட்டால் மெக்கானிக்கிடம் காரைத் தூக்கி அடிப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். சாமான் ஏற்றிக்கொண்டு டிக்கியைத் திறந்தபடி ஓட்டுவதும் ஆபத்து. பின்னால் விடும் புகையைக் கார் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

காரை விட்டு இறங்கிய பிறகு வலி குறைகிறதா, கூட வருபவர்களுக்கும் வலிக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டும் உண்டென்றால் டாக்டரிடம் அதைச் சொல்லியே தீர வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும் வாயு இது. நல்ல காற்றில் இருந்தாலும் ரத்தத்தில் சேர்ந்தது பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே அது காட்டிவிடும். ரத்தப் பரிசோதனைதான் சரி.

ஏற்காட்டுக்குப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். குளிருக்குப் பயந்து எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றி, காருக்குள் தூங்காதீர்கள். அப்படி யாராவது தூங்குவதைப் பார்த்தால் தயங்காமல் கதவைத் தட்டி எழுப்புங்கள்.